நாள்தோறும் வந்த சோதனை



அர்ச். தேவசகாயம் பிள்ளையின் வேதசாட்சிய மரணத்தை அறியாத கத்தோலிக்குக் குடும்பம் நம் சீமையில் இராது. ஆனால் அவர் சோதனையை வென்ற விதத்தை எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

1712-ம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகஸ்தராயிருந்தார். குடும்பத்தில் துன்பங்கள் நேரிட்டபோது, 1741-ல் குளச்சல் யுத்தத்தில் சிறைபிடிக்கப்பட்டிருந்த டச்சுத் தளபதி டிலனாய், யோபுவின் சரித்திரத்தைச் சொல்லி அவரைத் தேற்றினார். அதுவே விசுவாசத்தின் வித்தாயிற்று. நமது வடக்கன்குளம் கோவிலில் 1745-ம் ஆண்டு மே 14-ந் தேதி சேசுசபைக் குரு புத்தாரி சுவாமியார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்னும் பெயரின் பொருளே தேவசகாயம்.

1749 பிப்ரவரியில் கைதானார். 1752-ம் ஆண்டு சனவரி 14-ந் தேதி காற்றாடிமலையில் சுடப்பட்டு மரித்தார். கணக்கிட்டுப் பாருங்கள், ஆயிரம் நாட்களுக்கு மேலாகிறது! அத்தனை நாளும் வேதத்தை மறுதலித்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். விலங்கு கழன்றுவிடும், வீடு திரும்பலாம். நேற்று மறுத்தது இன்றைக்கு உதவாது. ஒவ்வொரு விடியலிலும் புதிதாக மறுக்க வேண்டியிருந்தது. துப்பாக்கிக் குண்டை ஏற்கும் திடன் ஒரே இரவில் வந்ததன்று. அந்த ஆயிரம் சிறு வெற்றிகளில் விளைந்தது.

நமக்கோ துப்பாக்கி நீட்டுவார் இல்லை. பசாசு நம்மிடம் சின்ன வேஷத்திலேயே வருகிறது. பிசானச் சாகுபடியில் அயலான் முறைத் தண்ணீரை இரவில் நம் மடைக்குத் திருப்பச் சொல்லும். கடைத் தராசில் விரலை வைக்கச் சொல்லும். கூலிப் பணத்தோடு வருகிறவனைக் கள்ளுக்கடைப் பாதையில் அழைக்கும். அண்டை வீட்டுக் குறையை வாசற்படியில் பேசச் சொல்லும். இந்த ஒரு முறைதானே என்பதே அதன் தந்திரம். அந்த ஒரு முறை, அடுத்த முறைக்கு வாசலைத் திறந்து வைக்கிறது.

ஆகையால் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். காலையில் எழுந்ததும் அன்றைய ஒரு நாளுக்கு மட்டும் தேவசகாயத்தைக் கேளுங்கள். விழச்செய்யும் இடத்தையும் தோழமையையும் விட்டு விலகுங்கள். விழுந்துவிட்டால் அவநம்பிக்கைப்படாமல், தாமதமின்றிப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள்.

2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி பாப்பானவர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. உங்களைப்போல் இல்லறத்தில் இருந்தவர். அவரால் முடிந்தது, தேவ வரப்பிரசாதத்தால் உங்களாலும் முடியும். கோட்டாறு சவேரியார் கோவிலில் அவருடைய கல்லறையைத் தரிசிக்கப் போகிறவர்கள், நாளைக்கான பலத்தை அல்ல, இன்றைக்கான பலத்தை அவர் வழியாகக் கேளுங்கள்.