யோசித்தே ரேடியோ ரிப்பேர் செய்த பையன்

இந்த இதழில் நான் ரிச்சர்ட் ஃபெயின்மன் என்ற இயற்பியல் விஞ்ஞானியைப் பற்றி எழுதுகிறேன். நோபல் பரிசு வாங்கியவர்தான். ஆனா எனக்குப் பிடிச்சது அவர் சின்ன வயசில் செய்த வேலை.

இவர் 1918 மே 11-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தார். 11, 12 வயசிலேயே வீட்டில் ஒரு சின்ன ஆய்வகம் வைத்தார். பழைய மரப்பெட்டி, பேட்டரி, ஒயர், இவ்வளவுதான். பழைய ரேடியோக்களை மலிவாக வாங்கி, விட்டுப்போன கம்பியை ஒட்டிப் பாட வைப்பாராம்.

1929-ல் அங்கே பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. நிறைய பேருக்கு வேலை போச்சு. ரேடியோ கெட்டுப்போனால் மெக்கானிக்கிடம் கொடுக்கக் காசில்லை. குறைந்த காசுக்கு ஒரு பையன் ரிப்பேர் செய்கிறான் என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தார் இவரைக் கூப்பிட்டார்கள். கூரை மேல் ஏறி ஏரியல் கம்பியும் சரி செய்வார்.

ஒரு வீட்டு ரேடியோ போட்டவுடன் பயங்கரமாக இரைந்து, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். இந்தப் பொடியனுக்கு என்ன தெரியும் என்று அந்த வீட்டுக்காரருக்குச் சந்தேகம். இவரோ ரேடியோவை உடனே பிரிக்கவே இல்லை! அங்கும் இங்கும் நடந்து யோசித்தார். வீட்டுக்காரருக்கு ஒரே எரிச்சல். அந்தக் கால ரேடியோவில் வால்வுகள் சூடானால்தான் வேலை செய்யும். சத்தத்தைப் பெரிதாக்கும் பகுதி முதலிலும், அலையைப் பிடிக்கும் பகுதி பிறகும் தயாராவதால்தான் இரைச்சல் என்று கண்டுபிடித்தார். வால்வுகளை இடம் மாற்றி மாட்டினார். இரைச்சல் நின்றே போச்சு! சந்தேகப்பட்ட அதே மனிதர் ஊரெல்லாம் பாராட்டி, வேறு வேலைகளும் பிடித்துக் கொடுத்தார்.

தோழிகளுக்கு ஒரு செய்தி. அந்த ஆய்வகத்தில் உதவியாள் அவர் தங்கை ஜோன்தான். வாரம் சில சென்ட் சம்பளம்! பெண்களுக்கு அறிவியல் வராது என்று அம்மா சொல்லியும் ஜோன் விடவில்லை. பின்னாளில் விண்வெளி ஆராய்ச்சியாளர் ஆனார்.

ஃபெயின்மன் 1965-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடிகளில் சிதறி 7 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இவரும் இருந்தார். அப்போது அவருக்குப் புற்றுநோய். ஆனாலும் ராக்கெட் இணைப்பில் வைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டை இடுக்கியால் அழுத்தி, ஐஸ் தண்ணீரில் போட்டு எல்லார் முன்னாலும் காட்டினார். குளிரில் ரப்பர் சட்டென்று பழைய வடிவத்துக்கு வரவில்லை. விண்கலம் கிளம்பிய அன்றும் கடுங்குளிர். குறை எங்கே என்று எல்லாருக்கும் புரிந்தது.

1988 பிப்ரவரி 15-ல் ஃபெயின்மன் காலமானார்.

ரேடியோவானாலும் ராக்கெட்டானாலும் ஏன் கெட்டுச்சு என்றுதான் அவர் முதலில் யோசித்தார். நம்ம தெருவிலும் தனியாக இருக்கிற பாட்டி தாத்தா வீட்டில் டார்ச்சு எரியாது, குடைக்கம்பி விட்டுப்போயிருக்கும். பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கலாமே! கரண்ட் சாமானை மட்டும் பெரியவங்க இல்லாமல் திறக்காதீங்க.


ஒன்பதாம் வகுப்பு மாணவி