விறகுக் கொட்டகையில் பிறந்த அலுமினியம்

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் ஹால்-ஹெரோல்ட் முறைன்னு மனப்பாடம் பண்ணோமே, ஞாபகம் இருக்கா? அந்த ஹால் அதைக் கண்டுபிடிச்சப்போ அவருக்கு வயசு 22. கிட்டத்தட்ட நம்ம வயசு!

சார்லஸ் மார்ட்டின் ஹால் 1863 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். அப்பா ஒரு பாதிரியார். ஓபர்லின் கல்லூரியில் படிக்கும்போது, அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுப்பவர் உலகத்துக்கே உதவுவார், பணமும் சம்பாதிப்பார் என்று பேராசிரியர் ஃபிராங்க் ஜூவெட் சொன்னது அவர் மனசில் ஒட்டிக்கிச்சு. அப்போ அலுமினியம் கிட்டத்தட்ட வெள்ளி மாதிரி விலை. 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பெருமையாக வைத்ததே சுமார் 2.8 கிலோ அலுமினியம்தான்.

பிரச்சினை என்னன்னா, அலுமினா உருக 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேணும். ஹால் 1885-ல் டிகிரி முடிச்சிட்டு, வீட்டுக்குப் பின்னாடி இருந்த விறகுக் கொட்டகையையே லேப் ஆக்கினார். பேட்டரிகூட அவரே செய்தார். உருகிய கிரையோலைட்டில் அலுமினா சுமார் 1000 டிகிரியிலேயே கரையும் என்று கண்டுபிடித்து, அதில் மின்சாரம் செலுத்தினார்.

வந்தது அலுமினியம் இல்ல. ஏதோ சாம்பல் நிறப் படிவு.

நாமா இருந்தா ஐடியாவே தப்புன்னு விட்டிருப்போம். ஹால் பாத்திரத்தைச் சந்தேகப்பட்டார். அது களிமண் மூசை. களிமண்ணில் இருக்கும் சிலிக்கேட் உருகிய கலவையில் கரைந்து, சிலிக்கன் உள்ளே வந்திருக்கு. மூசையின் உள்பக்கம் கார்பன் பூசி மறுபடி செய்தார். 1886 பிப்ரவரி 23 அன்று பளபளன்னு சின்னச் சின்ன அலுமினிய மணிகள் கிடைத்தன.

இந்தக் கதையில் நம்ம புத்தகம் சொல்லாத பெயர் ஒன்று இருக்கு: அக்கா ஜூலியா. அதே கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தவர். வேலை எப்படிப் போகிறது என்று கூடவே இருந்து கவனித்தவர். ஃபிரான்ஸில் பால் ஹெரோல்ட், அவரும் 1863-ல் பிறந்தவர், அதே முறையைத் தனியாகக் கண்டுபிடித்து ஏப்ரலில் பேடண்ட் கேட்டுட்டார். ஹால் விண்ணப்பித்ததோ ஜூலையில். பிப்ரவரியிலேயே செய்துவிட்டதை நிரூபிக்க, அண்ணன் ஜார்ஜுக்கு ஹால் எழுதிய கடிதங்களும் ஜூலியாவின் சாட்சியும்தான் கைகொடுத்தன. 1889-ல் அமெரிக்க பேடண்ட் ஹாலுக்குக் கிடைத்தது.

1888-ல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய அவர்களது கம்பெனிதான் பின்னாளில் அல்கோவா ஆனது. விலை மளமளன்னு இறங்கியது. ஹால், ஹெரோல்ட் இருவருமே 1914-ல் இறந்தார்கள்.

இப்போ எங்க ப்ராஜெக்டுக்கு வர்றேன். லேசரால் பவுடரை அடுக்கடுக்காக உருக்கி பீஸ் செய்யும் முறை. பவுடர் AlSi10Mg-ன்னு சொல்ற கலவை, அதாவது அலுமினியம், சுமார் 10 சதவீதம் சிலிக்கன், கொஞ்சம் மெக்னீசியம். ஹாலுக்கு வில்லனாக வந்த சிலிக்கனை இங்கே வேணும்னே சேர்க்கிறாங்க. அது இருந்தா உருகிய உலோகம் நல்லா ஓடும், உறையும்போது விரிசல் குறையும். லேசர் நகர்ந்ததும் படுவேகமாகக் குளிர்வதால் சிலிக்கன் மெல்லிய வலை மாதிரி அமைந்து வலிமையும் தருது.

ஆனா எங்க முதல் பீஸ்களை வெட்டிப் பார்த்தா உள்ளே முழுக்கக் குட்டிக் குட்டி ஓட்டை. ஒரு மாசம் லேசர் பவரையும் வேகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தோம். கடைசியில் காரணம் பவுடர் டப்பா! மூடியைச் சரியாக மூடாம விட்டது நான்தான். பவுடர் ஈரம் இழுத்திருக்கு, அதிலிருந்து வந்த ஹைட்ரஜன்தான் ஓட்டை. டப்பாவை எந்தத் தேதியில் திறந்தேன்னு நோட்டில் தேடினா, தேதியே எழுதல.

அன்னைக்குத்தான் ஹாலைப் பற்றிப் படிச்சேன். உங்க ரிசல்ட் தப்பா வந்தா, ஐடியாவைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி பாத்திரத்தை ஒரு தடவை பாருங்க. நோட்டில் தேதி போடுங்க. கூட இருந்து உதவினவங்க பேரையும் எழுதி வைங்க.