பொய் சொல்லாத சாட்சி

கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட உயர்மட்ட மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபோது, அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. அதிசய மனிதர், இந்தியாவின் எடிசன் என்றெல்லாம் அவரை அழைக்கிறோம். பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற என் பார்வையில் அவர் முதலில் ஒரு போக்குவரத்துத் தொழில்முனைவர். எனவே ஒரு பாலத்துக்கு அவர் பெயர் அமைந்தது பொருத்தமே என்று எண்ணிக் கொண்டேன்.

அவரைப் பற்றி மீண்டும் ஆழ்ந்து சிந்திக்க வைத்தவர் என் முன்னாள் மாணவர் ஒருவர். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் அனுப்பிய ஆடைகள் ஈரம் பாய்ந்து, பூஞ்சை படிந்து வெளிநாட்டைச் சென்றடைந்தன. வாங்கியவர் பணத்தைப் பிடித்துக் கொண்டார். லாரியின் தார்ப்பாய் கிழிந்திருக்கும் என்று முடிவு கட்டிய மாணவர், லாரி உரிமையாளருக்குத் தர வேண்டிய வாடகையை நிறுத்தினார். அந்த மனிதருக்கு இருந்ததோ ஒரே ஒரு லாரி. அவரே அதன் ஓட்டுநர். தம் பக்கம் தவறில்லை என்று அவர் சொன்னதற்குச் சாட்சி ஏதும் இல்லை.

அண்மையில் அந்த மாணவர் தம் சரக்குப் பெட்டிகளுக்குள் கம்பியில்லா உணரிக் கருவிகளை வைத்து அனுப்பத் தொடங்கினார். சென்சார் என்று நாம் பொதுவாகச் சொல்வதுதான். தீப்பெட்டி அளவுள்ள அக்கருவி, குறித்த இடைவெளியில் வெப்பநிலை, ஈரப்பதம், அதிர்வு ஆகியவற்றை அளந்து கைப்பேசி அலைவரிசை வழியே அனுப்பும். இரும்புக் கொள்கலனுக்குள்ளும் மலைப்பாதையிலும் அலைவரிசை கிட்டாதபோது தன் நினைவகத்தில் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும். கொள்கலன் பகலில் வெயிலில் காய்ந்து இரவில் குளிரும்போது, உள்ளிருக்கும் ஈரம் கூரையில் துளிர்த்துச் சரக்கின் மீதே சொட்டுவதுண்டு. அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

கருவி அளித்த விடை அவரைத் திடுக்கிடச் செய்தது. லாரி புறப்படும் முன்பே பெட்டிக்குள் ஈரப்பதம் மிகுந்திருந்தது. குற்றம் அவருடைய கிடங்கில், சரியாகக் காயாத அட்டைப்பெட்டிகளில் இருந்தது. முன்பு நேர்ந்ததும் இதுவாகவே இருக்கக்கூடும் என்று உணர்ந்து, அந்த லாரி உரிமையாளரைத் தேடிச் சென்று நிறுத்திய வாடகையைக் கொடுத்துவிட்டு வந்தார். இதை அவர் என்னிடம் சொன்னபோது, இத்தகைய சாட்சிகளை உருவாக்குவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் நம் ஊரிலேயே இருந்தாரே என்று எனக்குத் தோன்றியது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். அதை எப்படியும் சொந்தமாக்கிக் கொள்ள வேண்டும் என்ற வேட்கையில் கோவைக்கு வந்து, உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்த வண்டியை விலைக்கு வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, அதைத் திருகு திருகாகக் கழற்றி மீண்டும் பூட்டியதுதான்.

பின்னர் பருத்தி வணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய் சென்று அதை இழந்தார். கோவைத் தொழில்துறையின் முன்னோடியான சர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியுடன் 1920-இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்திலிருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ். நிறுவனம்.

அக்காலப் பேருந்துப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வண்டி எப்போது வரும் என்பது பயணிக்குத் தெரியாது. வசூலான பணம் எவ்வளவு என்பது முதலாளிக்குத் தெரியாது. தாமதத்துக்குக் காரணம் இயந்திரமா, தாமா என்பதை மெய்ப்பிக்க ஓட்டுநருக்கு வழியில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாத நிலையில் சந்தை எவ்வாறு சீர்கெடும் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். நாயுடுவோ அச்சிக்கலைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கொங்கு நாட்டுச் சாலைகளில் எதிர்கொண்டு, கருவிகளால் தீர்க்க முனைந்தார். பயணச்சீட்டு வழங்கும் கருவி, வண்டிகளின் நேரம் காட்டும் கருவி ஆகியவற்றை அறிமுகப்படுத்தினார். எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஒன்றையும் அவர் உருவாக்கியதாக அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் வரை அந்த நாட்டம் நீண்டது.

1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டாரை அவர் கொண்டுவந்தார். இன்று கோவையின் அடையாளமாக விளங்கும் மோட்டார், பம்புத் தொழிலுக்கு அது வித்து. 1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர இயலும் என்று அறிவித்தார். 1944-இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, அறப்பணிகளிலும் கல்வியிலும் கவனம் செலுத்தினார். மறு ஆண்டு கோவையில் அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் தொழில்நுட்பக் கல்வி நிலையம் எழக் காரணமாக இருந்தார். அங்கே தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1952-இல் இருவர் அமரும் சிறிய காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். ஆனால் உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அளந்து காட்டும் கருவிகளை நம்பிய மனிதரை, அளந்து பார்க்கவே மறுத்த ஒரு நிர்வாக முறை முடக்கிய கதை அது. 1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். கல்லூரி மாணவனாக, அவிநாசி சாலையில் அவருடைய கண்காட்சிக் கூடத்தில் நான் கண்ட கருவிகள் எல்லாமே, சாமானியரும் வாங்கத்தக்க விலையில் இருக்க வேண்டும் என்ற கவலையோடு செய்யப்பட்டவையாக எனக்குத் தோன்றின.

அவர் பிறந்த கலங்கலுக்கு அருகே, இருகூரில் இன்று சரக்குக் கொள்கலன் நிலையம் இயங்குகிறது. நாமக்கல் முட்டையும் பொள்ளாச்சி இளநீரும் மேட்டுப்பாளையம் காய்கறியும் நாள்தோறும் நெடுந்தொலைவு பயணிக்கின்றன. தடுப்பூசிகளைப் பாதுகாக்கும் குளிர்பதனக் கிடங்குகளில் வெப்பநிலையைத் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் ஈ-வின் திட்டம் 2015 முதல் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அந்த வசதி சரக்கு லாரிக்கும் வந்தாக வேண்டும். எனினும், அது வரும் விதம் குறித்து நாயுடுவின் வாழ்விலிருந்து இரண்டு பாடங்களைக் கற்கலாம்.

முதலாவது, விலை. ஒன்றிரண்டு லாரிகளை வைத்துப் பிழைப்பவர்கள் வாங்க முடியாத கருவி பெருநிறுவனங்களுக்கு மட்டுமே பயன்படும். மோட்டாரை உள்ளூரிலேயே செய்து காட்டிய கோவை, இக்கருவியையும் மலிவாகச் செய்ய இயலும். தொழில்நுட்பக் கல்லூரிகளும் சிறுதொழில் கூடங்களும் இதற்காகக் கைகோக்க வேண்டும்.

இரண்டாவது, பதிவு யாருக்குச் சொந்தம் என்பது. பேருந்து நிலையத்தின் கடிகாரம் முதலாளி, ஓட்டுநர், பயணி ஆகிய மூவருக்கும் ஒரே நேரத்தைத்தான் காட்டும். சரக்கின் பதிவோ இன்று பெரும்பாலும் கருவியை வைத்தவரின் திரையோடு நின்றுவிடுகிறது. தமக்குச் சாதகமானால் காட்டுவதும் பாதகமானால் மறைப்பதும் அவர் விருப்பம். என் மாணவர் நேர்மையாளராக இருந்ததால் அந்த லாரி உரிமையாளருக்கு நியாயம் கிடைத்தது. ஒருவரின் நேர்மையை மட்டும் நம்பி ஒரு தொழிலே நடக்க முடியாது. சரக்கை அனுப்புபவர், ஏற்றிச் செல்பவர், பெறுபவர் ஆகிய மூவரும் அப்பதிவைக் காணும் உரிமையைச் சரக்கு ஒப்பந்தங்களிலேயே எழுத வேண்டும். அரசும் அதற்கு விதி வகுக்க வேண்டும்.

நாயுடுவின் பெயர் தாங்கிய மேம்பாலத்தில் கார்கள் விரைகின்றன. தார்ப்பாய் போர்த்திய லாரியை ஓட்டி வரும் மனிதருக்கும், தம் சொல்லை மெய்ப்பிக்கும் ஒரு சாட்சி கைக்கெட்டும் விலையில் கிடைக்குமானால், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை.