மேரி கியூரி அம்மையாரும் கலாநிதிப் பட்டமும்

கல்லூரி அன்னையின் விழாக்காலத்தில், அவள் மக்கள் பெற்ற பட்டங்களை எண்ணி மகிழ்தல் இயல்பே. எனினும், விஞ்ஞானத்துறையிற் கலாநிதிப் பட்டம் பெறுதற்கு வேண்டுவன யாவை என்று மாணவர் வினவுமிடத்து, அதுவும் ஒரு பரீட்சை, சற்றுக் கடினமான பரீட்சை என்றே நம்மிற் பலர் விடையிறுக்கின்றோம். அவ்விடை நிறைவுடையதன்று என்பதற்கு மேரி கியூரி அம்மையாரின் வாழ்க்கை தக்க சான்றாகும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1867ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆம் திகதி போலந்து நாட்டு வார்சோ நகரிற் பிறந்தார். தந்தையார் பௌதிகமும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். அந்நாளில் வார்சோ ருசிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆங்கிருந்த சர்வகலாசாலையிற் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே மேரி பிறர் வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து, பரிஸ் நகரில் வைத்தியம் பயின்ற தமக்கையாருக்குப் பொருளுதவி புரிந்தார். பின்னர் 1891இல் தாமும் பரிஸ் சென்று சோர்போனிற் சேர்ந்தார். 1893இல் பௌதிகப் பட்டப் பரீட்சையில் முதலாமிடத்தையும், 1894இல் கணிதப் பட்டப் பரீட்சையில் இரண்டாமிடத்தையும் பெற்றார். 1895இல் பியர் கியூரி என்னும் பௌதிக அறிஞரை மணந்தார். 1897இல் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். அவ்வாண்டின் இறுதியிலேயே அம்மையார் கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

பிரான்சு நாட்டில் அக்காலத்து அப்பட்டத்துக்கு வேண்டியன நான்கு எனலாம். முதற் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். தாமே ஆராய்ந்து கண்ட புதிய உண்மைகளைக் கூறும் ஆராய்ச்சி நூலொன்றைச் சமர்ப்பித்தல் வேண்டும். சர்வகலாசாலையார் கொடுக்கும் வேறு பொருள்கள் பற்றியும் விடையளிக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஈற்றில், அறிஞர் குழுவின் முன் நின்று தம் முடிபுகளை நிலைநாட்டல் வேண்டும். இவற்றுள் அரியது இரண்டாவதே. ஏனைய பரீட்சைகளில் வினாவை ஆசிரியர் இடுவர். விடையும் அவர் அறிந்ததே. ஆராய்ச்சியிலோ வினாவையும் மாணவரே தேடல் வேண்டும். விடையை அறிந்தவர் எவருமிலர்.

யுரேனியத்திலிருந்து ஒருவகைக் கதிர்கள் வெளிப்படுகின்றன என்பதை 1896இல் பெக்கரல் கண்டிருந்தார். அம்மையார் அக்கதிர்களைத் தமக்குரிய பொருளாகத் தெரிந்தெடுத்தார். பியரும் அவர் தமையனார் ஜாக்கும் முன்னர் ஆக்கிய நுண்ணிய மின்னளவைக் கருவிகளைக்கொண்டு, கனிப்பொருள்கள் பலவற்றை ஒவ்வொன்றாக அளந்தார். யுரேனியக் கனிப்பொருளாகிய பிட்ச்பிளெண்டு, யுரேனியத்தினும் ஏறக்குறைய நான்கு மடங்கு வீரியமுடையதாய் இருந்தது. சால்கோலைட்டு என்னும் கனிப்பொருளும் அவ்வாறே மிகுந்த வீரியங் காட்டியது. அதனையே தூய இரசாயனப் பொருள்களிலிருந்து செயற்கையாக ஆக்கி அளந்தபோது அம்மிகுதி காணப்படவில்லை. ஆகவே, இயற்கைக் கனிப்பொருளில் எவரும் அறியாத மூலகமொன்று சிறிதளவு கலந்திருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார். பியரும் தம் ஆராய்ச்சியை நிறுத்தி மனைவியாருடன் சேர்ந்தார். 1898 யூலை மாதத்திற் பொலோனியமும், டிசம்பர் மாதத்தில் றேடியமும் அறிவிக்கப்பட்டன.

அவ்வளவில் நூலை எழுதிப் பட்டம் பெற முயன்றிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆயின் இரசாயன அறிஞருக்கு நிறுத்துக் காட்டத்தக்க பொருளும் அதன் அணுநிறையும் வேண்டியிருந்தன. அக்குறையை நீக்காது அமைய அம்மையார் உடன்படவில்லை. பொகீமியா நாட்டு யோக்கிம்ஸ்தால் சுரங்கத்தின் கழிவுப்பொருள் தொன் கணக்கில் வருவிக்கப்பட்டது. மழை ஒழுகும் கொட்டகையொன்றில், பெரிய பாத்திரங்களில் அதனைக் காய்ச்சியும், கரைத்தும், மீண்டும் மீண்டும் பளிங்காக்கியும் பிரித்தார். இதனிடையே 1900 முதல் செவ்ர் நகரிற் பெண்கள் பயிற்சிக் கல்லூரியொன்றிற் படிப்பித்தும் வந்தார். 1902இல் அவர் கையிற் கிடைத்த தூய றேடியங் குளோரைட்டு ஏறக்குறைய 0.1 கிராம் மாத்திரமே. அதனைக்கொண்டு றேடியத்தின் அணுநிறை 225 எனக் கணித்தார். இன்று அறியப்பட்ட அளவு 226 ஆகும். பொலோனியத்தை அவ்வாறு பிரித்துக் காட்ட இயலவில்லை. 138 நாளில் அதிற் பாதி அழிந்துவிடும் என்பதை நாம் இன்று அறிவோம்.

1903ஆம் ஆண்டு யூன் மாதம் 25ஆம் திகதி, கதிர்வீசும் பொருள்கள் பற்றிய தம் நூலுடன் அம்மையார் சோர்போனில் தேர்வாளர் மூவர் முன் நின்றார். லிப்மன் தலைவராகவும், பூத்தியும் முவாசானும் உறுப்பினராகவும் அமர்ந்திருந்தனர். இப்பொருளில் அம்மூவரினும் மிகுதியாக அறிந்தவர் வினாவப்பட நின்ற அவரே. தம்மால் ஆயது இது, கணவருடன் கூடிச் செய்தது இது, பிறர் கண்டது இது என்று பகுத்துக் கூறியமை அந்நூலின் தனிச்சிறப்பு. மிக்க மதிப்புடன் பட்டம் அளிக்கப்பட்டது.

அவ்வாண்டின் இறுதியிலேயே பெக்கரலுடனும் பியருடனும் பௌதிகத்துக்குரிய நோபற் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1906இல் பியர் வீதி விபத்தில் இறந்தார். அவர் வகித்த ஆசனத்திலிருந்து விரிவுரை ஆற்றும் கடமை அம்மையாருக்கு வந்தது. 1911இல் இரசாயனத்துக்குரிய நோபற் பரிசும் பெற்றார். நெடுங்காலம் கதிர்களிடைப் பழகியமையால் உடல் நலிந்து, 1934 யூலை 4ஆம் திகதி மறைந்தார்.

சர்வகலாசாலைகளின் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். காலத்துக்குக் காலம் மாறும். முன் இல்லாத ஓர் உண்மையைத் தன் உழைப்பால் நிலைநாட்டுதல் என்னும் விதி மாத்திரம் மாறாது நிற்கின்றது. நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் இன்று உப்பைக் கரைத்துப் பளிங்காக்கும் சிறுவர், அம்மையார் செய்ததும் பெரும்பாலும் அத்தொழிலே என்பதையும், போதுமென்று பிறர் கருதிய இடத்தில் அவர் நிறுத்தவில்லை என்பதையும் நினைவிற் கொள்வாராக.