சணலை முறுக்கி அலையைத் திருப்பியவர்: யார் இந்த ஜெகதீஷ் சந்திர போஸ்?

ஹைதராபாத் சைனிக்புரியில் தங்கி வேலை பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் பக்கத்திலேயே இருக்கும் இ.சி.ஐ.எல். உங்களுக்குத் தெரிந்திருக்கும். சந்திரயான்-1 அனுப்பிய சிக்னலைப் பிடிக்க 32 மீட்டர் விட்டமுள்ள டிஷ் ஆன்டெனாவைச் செய்து கொடுத்த நிறுவனம் அது. டிஷ் அலைகளைக் குவிப்பது அதன் வளைவால்தான்.

வளைவே இல்லாத மெல்லிய தகட்டால் அந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும். அந்தத் தகட்டுக்குப் பெயர் மெட்டாசர்ஃபேஸ். அலைநீளத்தைவிடச் சின்னச் சின்ன வடிவங்களை அதில் வரிசையாகப் பதித்திருப்பார்கள். அலை எந்தப் பக்கம் போகணும் என்பதை அந்த வடிவங்கள் தீர்மானிக்கும்.

இந்த யோசனையின் வேரைத் தேடிப் போனால், கொல்கத்தாவில் ஒரு பிடி சணலில் போய் நிற்பீர்கள்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

ஜெகதீஷ் சந்திர போஸ் 1858-ல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே வேலைதான், ஆனால் ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் வேலையை விடவில்லை, சம்பளத்தையும் தொடவில்லை. மூன்று வருஷம் அப்படியே பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

சணல் என்ன செய்தது?

அவருக்கு வசதியான ஆய்வுக்கூடம் கிடையாது. உள்ளூர் தகர வேலைக்காரரை வைத்தே கருவிகளைச் செய்துகொண்டார். 1895-ல் கொல்கத்தாவில், கம்பியே இல்லாமல் தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். அவர் ஆராய்ந்த அலைகளில் 5 மில்லிமீட்டர் நீளமுள்ளவையும் உண்டு. அதாவது சுமார் 60 கிகாஹெர்ட்ஸ்.

1898-ல் சணல் நாரை முறுக்கிக் கட்டி, அலையை அதன் வழியே அனுப்பினார். அலை அதிரும் தளமே திரும்பியது. முறுக்கை மாற்றினால் எதிர்ப்பக்கம் திரும்பியது. சணல் அதே சணல்தான், மாறியது வடிவம் மட்டுமே. ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே ஈயத்தாளை வைத்து, அதையும் அலை வடிகட்டியாக்கினார்.

பிறகு?

காப்புரிமை வாங்குவதில் அவருக்கு விருப்பமில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1904-ல் அமெரிக்காவில் ஒன்று பதிவானது. 1917-ல் கொல்கத்தாவில் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1937-ல் காலமானார். மெட்டாசர்ஃபேஸ் என்ற சொல்லே அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. இன்று அந்தத் துறையின் வரலாற்றை எழுதுபவர்கள், அந்தச் சணலைச் சொல்லாமல் தாண்டிப் போவதில்லை.