சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் (செப்டம்பர் 5, 1888 – ஏப்ரல் 17, 1975) இந்திய மெய்யியலாளரும் இந்தியாவின் இரண்டாவது குடியரசுத் தலைவரும் ஆவார். இவரது பிறந்தநாள் 1962 முதல் இந்தியாவில் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. உலகறிந்த மெய்யியலாளரான இவர், அப்பாடத்தை விரும்பித் தேர்ந்தவர் அல்லர்.

இளமை

திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தார். திருப்பதி, வேலூர் ஆகிய ஊர்களில் கிறித்தவ மறைப்பணியாளர் நடத்திய கல்விக்கூடங்களில் உதவித்தொகை பெற்றுப் பயின்றார்.

கல்லூரிக் கல்வி

பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி 1937 இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்வதற்கு முன்னர் ஜார்ஜ் டவுனில் இயங்கியது. நூல்கள் வாங்கப் பணமில்லாத நிலையில், அப்போதுதான் பட்டம் பெற்றிருந்த உறவினர் ஒருவர் தம்முடைய மெய்யியல் பாடநூல்களைக் கொடுத்துதவினார். வெல்டனின் அளவையியல், ஸ்டௌட்டின் உளவியல், மெக்கன்சியின் அறவியல் ஆகிய அந்நூல்களே இவரது பாடத்தைத் தீர்மானித்தன எனலாம்.

பாடத்திட்டம் பெரும்பாலும் மேலை மெய்யியலையே சார்ந்திருந்தது. வேதாந்தம் உலகை மாயை என்று ஒதுக்குவதால் அதில் அறவொழுக்கத்துக்கு இடமில்லை என்னும் மறைப்பணியாளரின் திறனாய்வு, இந்து மரபில் வளர்ந்த இவரது நம்பிக்கையை அசைத்தது. அதற்கு விடை தேடியே இந்திய மெய்யியலை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். முதுகலைப் பட்டத்துக்கு வேதாந்த அறவியலையே ஆய்வுப் பொருளாகக் கொண்டார். மாயைக் கோட்பாடு உலகின் மெய்ம்மையை முற்றாக மறுப்பதன்று என வாதிட்டார். இக்கருத்து தம் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் அவர்களுக்கு மனவருத்தம் தருமோ என அஞ்சினார். ஹாக்கோ ஆய்வைப் பாராட்டிச் சான்று வழங்கினார். அது 1908 இல் நூலாகவும் வெளிவந்தது. பிற்காலத்தில் இவரே அதனை முதிர்ச்சியற்ற எழுத்தாகக் கருதினார். எனினும் இவரது பிற்கால நூல்கள் பலவற்றின் மையக் கேள்வி அதிலேயே உள்ளது.

பேராசிரியப் பணி

1909 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1918 இல் மைசூரிலும் 1921 இல் கல்கத்தாவிலும் பேராசிரியரானார். இந்திய மெய்யியல் பற்றிய இவரது பெருநூல் 1923, 1927 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1936 முதல் 1952 வரை ஆக்சுபோர்டில் கீழைச் சமயங்கள், அறவியல் ஆகியவற்றுக்கான ஸ்பால்டிங் பேராசிரியராக விளங்கினார். மேலைக் கருத்தியல்வாதத்தின் கண் கொண்டே இவர் வேதாந்தத்தைக் கண்டார் என்போர் உளர். இவர் பெற்ற கல்வியை நோக்கின், இக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

அரசியல்

1952 முதல் 1962 வரை குடியரசுத் துணைத்தலைவராகவும், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராகவும் பதவி வகித்தார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார். ஓய்வுக்குப் பின் சென்னையில் வாழ்ந்து, அங்கேயே காலமானார்.