சமுத்திரகுப்தர்: கல்வெட்டு சொல்லாததைச் சொன்ன தங்கக் காசு!

கி.பி. 4-ம் நூற்றாண்டில் குப்தப் பேரரசை ஆண்ட சமுத்திரகுப்தர் என்றாலே போர்தான். அலகாபாத் தூணில் ஹரிசேனர் எழுதிய கல்வெட்டு அப்படித்தான் காட்டுகிறது. வடக்கே பல அரசுகளை அடியோடு ஒழித்தார். தெற்கே மட்டும் வேற கணக்கு. காஞ்சி விஷ்ணுகோபன் உட்பட 12 மன்னர்களைப் பிடித்து, விடுவித்துவிட்டார். அவ்வளவு தூரத்தை யார் கட்டி ஆள்றது?

கல்வெட்டு அவரது இசைத் திறமையையும் புகழ்கிறது. அரசவைக் கவிஞராச்சே, புகழத்தானே செய்வார் என்று தோன்றலாம். ஆனால் மன்னரே வெளியிட்ட தங்கக் காசு ஒன்றைப் பாருங்க: வாள் இல்லை, வில் இல்லை. ஆசனத்தில் சாவகாசமாக உட்கார்ந்து, நம்ம யாழ் மாதிரி வளைந்த வீணையை மடியில் வைத்து வாசிக்கிறார். ஊர் உலகம் தன்னை இப்படியும் பார்க்கணும் என்று நினைத்திருக்கிறார் மனுஷன்.

அஸ்வமேத யாகமோ அந்தத் தூணில் இல்லவே இல்லை. வேள்விக் கம்பத்தின் முன் குதிரை நிற்கும் இன்னொரு தங்கக் காசுதான் அவர் காலத்துச் சான்று. பின்பக்கம் ராணி.

சுமார் 375-ல் அவர் காலம் முடிந்தது. 1946-ல் ராஜஸ்தானின் பயானா அருகே குப்தர் தங்கக் காசுகள் குவியலாகக் கிடைத்தன, இவருடையதும் சேர்த்து. 1,800-க்கு மேல் தப்பின. அரசின் கைக்கு வருவதற்குள் கொஞ்சத்தை உருக்கிவிட்டார்கள். அதில் என்னென்ன இருந்ததோ!